பதினொரு குமிழி

எனக்கு இதை முதலில் சொன்னவர் என் பெரிய மகளுடைய மாமனார், ஞானசிகாமணி அண்ணாச்சி. தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில், மகள் பிரசவத்துக்காக உள்ளே இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் காத்திருந்தோம். நர்ஸ் ஒரு தரம் கதவைத் திறந்து, "எல்லாம் சரியா இருக்கு" என்று வேகமாய்ச் சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டாள். நான் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன்.

"பயப்படாதீங்க சம்பந்தியம்மா. அந்தப் பொண்ணு நெஜமாத்தான் சொல்லுது" என்றார் அண்ணாச்சி. "நானும் ஒரு தடவை இதே மாதிரி அவசரமாச் சொன்னேன். நான் சொன்னதுதான் பொய்."

அப்புறம் அவர் சொன்னதுதான் இது. பேத்தி நல்லபடியாய்ப் பிறந்தாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

அண்ணாச்சி முதலில் ஒரு ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணின் படம் அனுப்ப வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்குத்தான் போவார்கள். அம்மைத் தழும்பு, பரு, கன்னத்து மச்சம் எல்லாவற்றையும் அண்ணாச்சி நெகட்டிவிலேயே மறைத்துவிடுவார். ஊசி மாதிரி சீவிய பென்சில் ஒன்று, நாலே மயிர் உள்ள தூரிகை ஒன்று. அவ்வளவுதான் அவருடைய ஆயுதம். கல்யாணம் முடிந்தபிறகு ஸ்டூடியோ வாசலில் வந்து சண்டை போட்ட மாப்பிள்ளைகளும் உண்டாம்.

முதலாளி இறந்துபோனார். அவர் பிள்ளைகள் ஸ்டூடியோவை ஜவுளிக்கடை ஆக்கிவிட்டார்கள். அண்ணாச்சிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மனைவி, மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைதான் என் மருமகன், கைக்குழந்தை.

அந்த நேரத்தில்தான் வானத்திலிருந்து நிலத்தைப் படம் எடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பழக வேண்டும். கற்றுக்கொடுக்கிறவர் சரி என்று சொன்னால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் ஒன்றும் இல்லை.

கற்றுக்கொடுத்தவர் உமாபதி. முப்பது வயதுகூட நிரம்பாதவர், அதிகம் பேசாதவர். அண்ணாச்சி அவரை சார் என்பார். அவரும் வயதுக்கு மரியாதை கொடுத்து அண்ணாச்சி என்பார். விமானம் ஓட்டுகிற கேப்டன் ரொட்ரிகோ தூத்துக்குடிக்காரர். அவருக்கு இது பெரிய சிரிப்பு.

"ஒருத்தர் அண்ணாச்சிங்காரு, ஒருத்தர் சார்ங்காரு. இதுல யாருக்கு யாருய்யா வாத்தியாரு?"

விமானம் சின்னது. பின்னால் இருந்த ஆசனங்களைக் கழற்றிவிட்டு, தரையில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்கு மேல் கேமராவை நிறுத்தியிருந்தார்கள். ஆட்டுக்கல் கனம் இருக்குமா என்று கேட்டேன். "நாலு ஆட்டுக்கல் சேர்த்து வையுங்க" என்றார். உள்ளே போகும் பிலிம் ஒரு சாண் அகலம். விமானம் ஒரே கோட்டில் போகும்போது, சில வினாடிக்கு ஒரு படமாக அது தானாய் எடுத்துக்கொண்டே போகும்.

கேமராவின் தலையில், கோடு போட்ட கண்ணாடிக்குள் ஒரு குமிழி உண்டு. கொத்தனார் ரசமட்டத்தில் இருக்கிற மாதிரிதான். குமிழி நடுவில் நின்றால் கேமரா நேராய்த் தரையைப் பார்க்கிறது. விலகினால் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் திருகாணியை மெல்லத் திருப்பிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வானத்தில் கேமராக்காரருக்கு அதுதான் முக்கிய வேலை.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் மணி, உயரம், படத்தின் எண், அந்தக் குமிழி எல்லாம் சேர்ந்தே பதிவாகும்.

முதல் மாதமே அண்ணாச்சி கேட்டார்.

"சார், நாம படம் எடுக்கது தரையை. குமிழியை எதுக்கு சார் சேத்து எடுக்கணும்? இந்த ஓரத்தை மறைச்சிட்டா படம் எவ்வளவு லட்சணமா இருக்கும்!"

உமாபதி படத்தைப் பார்த்தார். ஓரத்தையும் பார்த்தார்.

"லட்சணமாத்தான் இருக்கும்" என்றார்.

பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

ஐந்தாம் மாதம் ஒரு பெரிய வேலை வந்தது. மலையடிவாரத்தில் அணை கட்டப் போகிறார்கள். தண்ணீர் எதுவரை நிற்கும் என்று வரைபடத்தில் கோடு போட வேண்டும். கோட்டுக்குள் வருகிற வீடுகளைக் காலி செய்துவிடுவார்கள். சுடலைமுத்து என்பவர் பத்தொன்பது நாள் வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்து நடந்து, தரையில் சில இடங்களை அளந்து வைத்திருந்தார். மேலேயிருந்து படம் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

வானம் திறக்கவே இல்லை. பத்து நாளும் மேகம். தினமும் காலையில் கேப்டன் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார். "இன்னைக்கும் போர்வையைப் போத்திக்கிட்டுத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீக்குப் போய்விடுவார்.

பதினோராம் நாள் ஒரு துண்டு மேகம் இல்லை. பார்த்தால், வழி பார்த்துச் சொல்கிறவருக்குக் காய்ச்சல். உமாபதி யோசித்தார்.

"நான் முன்னால உக்காந்து வழி பாக்குறேன். கேமரா உங்க பொறுப்பு, அண்ணாச்சி."

"சரி சார்" என்றார் அண்ணாச்சி.

ஒரு கோட்டில் ஒரு தடவை போய் முடிப்பது ஒரு ஓட்டம். முதல் ஓட்டம் நன்றாய் முடிந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது ஓட்டம் மொட்டைப் பாறைகளுக்கு மேலே. மத்தியான நேரம், பாறைச் சூடு மேலே ஏறி வந்து விமானத்தைத் தூக்கிப் போட்டது. அடுத்த நொடி கீழே இழுத்தது. அண்ணாச்சிக்கு வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி, தெரிந்த ஜெபங்களையெல்லாம் வரிசையாய்ச் சொன்னார்.

ஆட்டம் நின்றது. கண்ணைத் திறந்தார்.

அவர் பிடித்துக்கொண்டிருந்தது திருகாணி. பயத்தில் அதைத் திருகிவிட்டிருக்கிறார். குமிழி இரண்டு கோடு விலகி இடது பக்கத்தில் நின்றது. படத்து எண்ணைப் பார்த்தார். பதினொரு படம் ஓடிவிட்டது.

அவசரமாய்க் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தார். முன்னாலிருந்து கேப்டன் கத்தினார்.

"அண்ணாச்சி! உயிரோட இருக்கீங்களா? எல்லாம் சரியா?"

"எல்லாம் சரி!"

அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு வினாடிகூட ஆகவில்லை என்றார் அண்ணாச்சி. அதைத் திரும்ப எடுக்கத்தான் ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று.

இறங்கினதும் கேப்டனுக்கு ஒரே சந்தோஷம். இரவு அண்ணாச்சி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். மறுநாள் காலையில் மேகம் திரும்ப வந்து மூடிக்கொண்டது. இனி எத்தனை நாள் ஆகுமோ, யாருக்கும் தெரியாது.

விமானத் திடலுக்குப் பின்னால் ஒரு பழைய நெல் குடோனைக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. பிலிம் கழுவுவது, காய வைப்பது எல்லாம் அங்கேதான். அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். காய்ந்த பிலிமைச் சுருட்டி வைக்க அண்ணாச்சி மட்டும் இருந்தார். வெளிச்சப் பலகையில் அதை விரித்துப் பார்த்தார்.

பதினொரு படத்திலும் குமிழி ஓரத்தில் நின்று அவரைப் பார்த்தது.

பெட்டியில் ஸ்டூடியோத் தூரிகை இருந்தது. விட மனசில்லாமல் ஊரிலிருந்து கொண்டுவந்தது. தண்ணீரில் கரைகிற சாயமும் இருந்தது. குமிழி இருந்த இடத்தை மெல்லிய சாயத்தால் மூடினார். சரியாய் நடுவில் ஒரு சின்ன வளையத்தை மட்டும் பூசாமல் விட்டார். பார்த்தால் குமிழி நடுவில் நிற்கிற மாதிரியே இருந்தது. ஸ்டூடியோவில் என்றால் கத்தியால் மெல்லச் சுரண்டியும் எடுப்பார். கத்தியைத் தொட ஏனோ அன்றைக்குக் கை வரவில்லை.

பதினொன்றையும் முடித்தார். தூரிகையைக் கழுவி வைத்தார்.

"என் ஆயுசுல அவ்வளவு சுத்தமா நான் டச்சிங் பண்ணினதே கிடையாது, சம்பந்தியம்மா. எந்தப் பொண்ணு முகத்துக்கும் பண்ணினதில்லை."

சாயங்காலம் நாலு மணிக்கு உமாபதி பிலிமைப் பார்த்தார். லென்ஸைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு படமாய் நகர்த்தினார். மூன்றாவது ஓட்டத்தில் வந்து நின்றார். பதினொரு படத்தையும் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"எட்டு வருஷமா குமிழி பாக்குறேன்" என்றார். "எவ்வளவு நேராப் போனாலும் படத்துக்குப் படம் ஒரு மயிரிழை நகரும். இவ்வளவு ஆடாம நின்ன குமிழியை நான் பார்த்ததே இல்லை."

உமாபதி லென்ஸைக் கீழே வைத்தார்.

"வாங்க அண்ணாச்சி. உள்ள கொஞ்சம் வேலை இருக்கு."

உள்ளே இருட்டறையில் ஒரு மேசை. மேலேயிருந்து படத்தின் உருவம் வெளிச்சமாய் மேசைமேல் விழும். மேசையில் வரைபடத் தாளை ஒட்டியிருந்தார்கள். சுடலைமுத்து அளந்த இடங்களை அதில் ஊசியால் குத்தி வைத்திருந்தார்கள். கோயில் குளத்து மூலை, வாய்க்கால் பாலம், பனங்காட்டு வரப்பு, கருமலைப்பட்டிப் பள்ளிக்கூடம். படம் நேராய் இருந்தால் குளம் குளத்தின் மேலும் பாலம் பாலத்தின் மேலும் வந்து உட்கார வேண்டும்.

உமாபதி விளக்கைப் போட்டார்.

குளம் உட்கார்ந்தது. பாலம் கொஞ்சம் விலகியது. பள்ளிக்கூடம் ஊசிக்குத்திலிருந்து ஒரு விரல் தள்ளி விழுந்தது.

"ஒட்டலையே, அண்ணாச்சி."

அண்ணாச்சி ஊசிக்குத்தையே பார்த்தார்.

"குமிழி நடுவுல இருக்கு. அப்ப படம் நேரா எடுத்ததுதான். சுடலைமுத்துதான் தப்பா அளந்திருக்கணும்."

"அவரு நல்லாத்தான் அளந்திருப்பாரு, சார்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். பத்தொன்பது நாள் வெயில்ல நடந்து, கடைசியில இப்படிப் பண்ணிட்டாரே! ஆபீசுக்கு எழுதிப் போட வேண்டியதுதான்." உமாபதி பென்சிலையும் ரப்பரையும் எடுத்தார். "பள்ளிக்கூடத்தை ஒரு விரல் தள்ளிப் போட்டுடுவோம்."

"தள்ளினா என்ன ஆகும், சார்?"

"அதை ஒட்டிப் பதினாலு வீடு இருக்கு. அதுவும் சேர்ந்து தள்ளும். தண்ணி நிக்கிற கோட்டுக்கு உள்ள வந்துடும்."

"உள்ள வந்தா?"

"காலி பண்ணச் சொல்லுவாங்க."

"அந்த வீட்டுக்குத் தண்ணி வராதே, சார்!"

"வராதுதான். ஆனா வரைபடத்துல வரும். நான் என்ன பண்ண? குமிழி சாட்சி சொல்லுதே."

ரப்பரைப் பள்ளிக்கூடத்தின் மேல் வைத்தார்.

அண்ணாச்சி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாத்தியாரைத் தொடலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லையாம்.

"அழிக்காதீங்க, சார்."

"ஏன்?"

"அந்தக் குமிழி நான் போட்டது."

உமாபதி ரப்பரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்தான், சார்."

"நெஜக் குமிழி எங்க?"

"அடியில இருக்கு. மேல பூசினதுதான். கத்தி போடலை."

"கத்தி போடலையா?"

"சத்தியமா போடலை, சார்."

உமாபதி அங்கே கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்பாடா" என்றார். அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அண்ணாச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"போய்க் கொஞ்சம் தண்ணியும் பஞ்சும் எடுத்துட்டு வாங்க."

பஞ்சை நனைத்து அண்ணாச்சியிடமே கொடுத்தார். அண்ணாச்சி துடைத்தார். அவ்வளவு அழகாய்ப் போட்ட வளையம் கரைந்து பஞ்சில் வந்துவிட்டது. அடியில் இருந்த குமிழி, இருந்த இடத்திலேயே இருந்தது. இடது பக்கம், இரண்டு கோடு தள்ளி.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டார் உமாபதி.

அண்ணாச்சி சொன்னார். பாறைச் சூடு, வயிறு, திருகாணி, ஜெபம் எல்லாம் சொன்னார்.

"அடுத்த தடவை கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபம் பண்ணுங்க, அண்ணாச்சி. சாமி கோவிச்சுக்க மாட்டார்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உமாபதி குனிந்தார். மேசைக்கு அடியிலும் ஒரு திருகாணி இருந்தது. அதைத் தளர்த்தினார். பார்க்கக் கல்லு மாதிரி இருந்த மேசை மெல்ல ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. குமிழி எவ்வளவு விலகியிருந்ததோ, அதற்குத் தக்கபடி.

வெளிச்சத்தில் பாலம் நகர்ந்து பாலத்தின் மேல் உட்கார்ந்தது. பனங்காட்டு வரப்பு வரப்போடு சேர்ந்தது. பள்ளிக்கூடம் ஊர்ந்து ஊர்ந்து வந்து ஊசிக்குத்தின் மேல் நின்றது. பதினாலு வீடும் கோட்டுக்கு வெளியே இருந்தன.

அண்ணாச்சி நம்பாமல் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா, சார்?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா நான் நேத்திலேருந்து சோறு திங்காமக் கெடக்கேன்?"

"குமிழி எங்க இருந்ததுன்னு தெரிஞ்சா எந்தப் பக்கம் சாய்க்கணும்னு தெரியும். தெரியலைன்னா இருட்டுல தேடணும்."

வெளியே கேப்டன் குரல் கேட்டது. "உள்ள என்னய்யா நடக்குது? டீ ஆறிப்போச்சு!"

உமாபதி கதவைத் திறந்தார். "மூணாவது ஓட்டத்துல கேமரா கொஞ்சம் சாஞ்சிருக்கு. அண்ணாச்சி சொன்னார். சரி பண்ணிட்டிருக்கோம்."

"நான் கேட்டப்ப எல்லாம் சரின்னாரே?"

"பொய் சொன்னேன், கேப்டன்" என்றார் அண்ணாச்சி.

கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடப் போங்க அண்ணாச்சி! அப்பவே சொல்லியிருந்தா இன்னொரு சுத்து சுத்தியிருப்பேன். பத்து நிமிஷ வேலை. ஒரு பத்து நிமிஷத்துக்காகவா மனுஷன் மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிவாரு?" திட்டிக்கொண்டே அண்ணாச்சியின் டீயைச் சூடாக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

உமாபதி வேலை நோட்டை எடுத்து எழுதினார். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். 'மூன்றாம் ஓட்டம். பதினொரு படம். சாய்வு இரண்டு கோடு. கேமராக்காரர் தெரிவித்தார்.' அவ்வளவுதான் இருந்தது. சாயத்தைப் பற்றியோ தூரிகையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

அண்ணாச்சிக்கு அதற்குப் பிறகும் மனசு ஆறவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் முகம் கண்ணுக்குள் வந்தது.

"சார்."

"சொல்லுங்க."

"இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. சாஞ்சு எடுத்தவன் நான். அதை மறைச்சவனும் நான்தான். என்னை ஊருக்கு அனுப்பிருவீங்களா?"

உமாபதி திரும்ப இருட்டறைக்குப் போனார். அண்ணாச்சியும் பின்னாலேயே போனார். உமாபதி அவருடைய கையைப் பிடித்து மேசைக்கு அடியில் கொண்டுபோய், அந்தத் திருகாணியின் மேல் வைத்தார். பித்தளை. பல பேர் கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்து போயிருந்தது.

"இங்க நேரான படம் மட்டும்தான் வரும்னா, அண்ணாச்சி, இந்த மேசையைச் செஞ்சவன் இதை எதுக்கு வச்சான்?"

அண்ணாச்சி கையை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

அந்த வேலையில் அவர் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றார். இப்போது இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இதை வாசிக்கிறவர்கள் உங்கள் ஜெபத்தில் அவர் பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞானசிகாமணி. ஒரு தரம் சொன்னால் போதும்.